ஸ்ட்ரைக் வந்த வீடியோவை அழிக்காதீர்கள்

சேனல் நடத்துகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் மின்னஞ்சல் என்றால் அது 'காப்பிரைட்' என்ற சொல்லோடு வருவதுதான். பார்த்ததும் பதறிப்போய் வீடியோவை அழித்துவிட்டு, அப்புறம்தான் யாரிடமாவது கேட்பார்கள். வந்தது கிளெய்ம், அதாவது அந்த ஒரு வீடியோமேல் மட்டும் வரும் உரிமைகோரல் என்றால் அழித்ததோடு அது முடிந்துபோகும். வீடியோவும் அதற்குக் கிடைத்த பார்வைகளும்தான் நஷ்டம். வந்தது ஸ்ட்ரைக், அதாவது சேனல்மேலேயே விழும் எச்சரிக்கை என்றால் அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது. வாதாடக் கையில் இருந்த பொருளை நாமே குப்பையில் போட்ட கதையாகிவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டால் குழப்பம் குறையும். இந்த விவகாரத்தில் யூடியூபும் ஃபேஸ்புக்கும் நீதிபதி அல்ல, தபால்காரர். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் இத்தகைய தளங்களுக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது: முறையான புகார் வந்ததும் பதிவை இறக்கிவிட்டால், பயனர் செய்த மீறலுக்குத் தளம் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆகவே புகாரில் தேவையான விவரங்கள் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். உரிமை யாருக்கு என்று ஆழமாக விசாரிக்க மாட்டார்கள். 'மூன்று மாத உழைப்பு, தயவுசெய்து' என்று உருகி எழுதிப் பயனில்லை. சரியான படிவம், சரியான காரணம், தவறாத கெடு, இந்த மூன்றை வைத்துத்தான் எல்லாம் நகரும்.

கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு

கன்டென்ட் ஐடி என்பது 2007-ல் யூடியூப் கொண்டுவந்த தானியங்கி ஒப்பீட்டு முறை. இசை நிறுவனங்களும் படத் தயாரிப்பாளர்களும் தொலைக்காட்சிகளும் தங்கள் கோப்புகளை அதில் சேர்த்துவைப்பார்கள். நாம் ஏற்றும் வீடியோ அவற்றோடு ஒப்பிடப்படும். அன்லிஸ்டட், பிரைவேட் என்று மறைத்து வைத்தாலும் தப்பாது. பொருந்தினால் உரிமையாளர் முன்பே சொல்லிவைத்தபடி மூன்றில் ஒன்று நடக்கும். விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம். சில நாடுகளிலோ எல்லா நாடுகளிலோ வீடியோ முடக்கப்படலாம். வெறுமனே பார்வைக் கணக்கை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் அந்த ஒரு வீடியோவோடு நிற்கும். கிளெய்ம் விழுந்தது என்பதற்காக மட்டும் சேனலை மூட மாட்டார்கள். ஷார்ட்ஸில் மட்டும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் கன்டென்ட் ஐடி கிளெய்ம் இருந்தால் அது உலகம் முழுக்க முடங்கும்.

ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் படிவம் நிரப்பி அனுப்பும் நீக்கல் கோரிக்கையால் வருவது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனல் மூடப்படும். அதோடு தொடர்புள்ள மற்ற சேனல்களும் போகும். முதல் ஸ்ட்ரைக்குக்கு 'காப்பிரைட் ஸ்கூல்' என்ற சின்னப் பாடம் ஒன்றைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைத்தனம் என்று அதை விட்டுவிடுகிறார்கள். பாடத்தை முடிக்காவிட்டால் 90 நாள் கழிந்தாலும் ஸ்ட்ரைக் காலாவதி ஆகாது. நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பிரைட்டுக்காக நீக்கப்பட்டால் 7 நாளுக்கு லைவ் வசதி கிடைக்காது. யூடியூபோடு விளம்பர வருமானத்தைப் பங்கிடும் பார்ட்னர் திட்டத்தில் இருக்கும் சேனலுக்கு மூன்றாவது ஸ்ட்ரைக்குக்குப் பின் 7 நாள் அவகாசம் தருகிறார்கள். அந்த நாள்களில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, ஆனால் நீக்கியது தவறு என்று முறைப்படி மறுக்கும் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம்.

சில நீக்கல் கோரிக்கைகள் 7 நாள் தவணையோடு வரும். தவணை முடிவதற்குள் நாமாக வீடியோவை எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. அழிப்பது உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான்.

என்ன வந்திருக்கிறது என்று மின்னஞ்சலை வைத்து முடிவுசெய்யாதீர்கள். சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவுக்குள் போய் வீடியோப் பட்டியலைத் திறந்தால், கட்டுப்பாடுகள் பத்தியில் 'காப்பிரைட்' என்று எழுதியிருக்கும். அதன் விவரத்தைத் திறந்தால் கோருபவர் பெயர், எந்த விநாடி முதல் எந்த விநாடி வரை, பொருந்தியது ஒலிப்பதிவா, காட்சியா, பாட்டின் மெட்டா, எந்த நாட்டில் என்ன விளைவு என்பதெல்லாம் தெரியும். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். கிளெய்ம் கைவிடப்பட்ட பின் அந்தப் பக்கத்தைத் தேடினால் கிடைக்காது.

இன்ஸ்டாகிராமில் இதற்கு இணையானது அமைப்புகளில் உள்ள கணக்கு நிலைப் பக்கம். ஃபேஸ்புக் பேஜுக்குத் தரச் சோதனைப் பக்கமும் சப்போர்ட் இன்பாக்ஸும். அங்கே எண்ணிக்கையை யூடியூப் போல வெளிப்படையாகச் சொல்வதில்லை. திரும்பத் திரும்ப மீறினால் கணக்கு போகும் என்பதுதான் விதி.

வாதாடுவதா, வெட்டிவிடுவதா?

கிளெய்ம் நியாயமானது என்று உங்களுக்கே தெரிந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ஸ்டுடியோவிலேயே அந்தத் துண்டை வெட்டலாம், அந்த இடத்தை மியூட் செய்யலாம், பாட்டை மட்டும் அழித்துப் பேச்சை வைத்துக்கொள்ளலாம், யூடியூப் ஆடியோ லைப்ரரிப் பாட்டால் மாற்றலாம். வீடியோவின் முகவரியும் பார்வைகளும் அப்படியே இருக்கும். பாட்டை மட்டும் அழிக்கும் கருவி எப்போதும் சுத்தமாக வேலை செய்யாது. பேச்சும் பாட்டும் ஒரே உரத்தில் கலந்திருந்தால் குரல் தகரத்தில் பேசுவதுபோல ஆகிவிடும். அந்த இடங்களில் பேச்சை மறுபடி பதிவுசெய்து ஏற்றுவதே மேல்.

கிளெய்ம் தவறு என்றால் அதை மறுத்து டிஸ்ப்யூட் போடுங்கள். கோருபவருக்கு 30 நாள் கெடு. அதற்குள் பதில் சொல்லாவிட்டால் கிளெய்ம் தானாக விழுந்துவிடும். நிராகரித்தால் நாம் மேல்முறையீடு செய்யலாம்; அதற்கு அவருக்கு 7 நாள்தான். வீடியோ முழுதாக முடக்கப்பட்டிருந்தால் முதல் கட்டத்தைத் தாண்டி நேரடியாக மேல்முறையீட்டுக்கே போக வழி இருக்கிறது. ஆனால் மேல்முறையீட்டுக்கு அவர் தரும் பதில் நீக்கல் கோரிக்கையாக இருக்கலாம். அப்போது ஸ்ட்ரைக் விழும். டிஸ்ப்யூட்டுக்கும் அவர் இப்படிப் பதில் தர முடியும் என்றாலும், மேல்முறையீட்டில் சேனலையே பணயம் வைக்கிறோம். கையில் ஆதாரம் இல்லாமல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக் இருக்கும் சேனல் என்றால் இன்னும் நிதானம் வேண்டும்.

வருமானம் வரும் சேனலுக்கு ஐந்து நாள் கணக்கு ஒன்று உண்டு. கிளெய்ம் வந்து 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால், முதல் நாளிலிருந்து வந்த பணத்தை யூடியூப் தனியாக நிறுத்திவைத்து, வழக்கு யார் பக்கம் முடிகிறதோ அவருக்குத் தரும். 5 நாள் கழித்துப் போட்டால், போட்ட நாளிலிருந்துதான் நிறுத்திவைக்கும். ஒரு வீடியோவுக்குப் பார்வைகள் குவிவது முதல் வாரத்தில்தான் என்பதால் இந்த ஐந்து நாளைத் தவறவிடுவது சின்ன விஷயமல்ல. கிளெய்ம் மின்னஞ்சல் போகும் முகவரியை எடிட்டர் மட்டும் பார்ப்பதாக வைத்திருந்தால் மாற்றுங்கள்.

டிஸ்ப்யூட் படிவத்தில் காரணம் கேட்பார்கள்: சொந்தப் படைப்பு, உரிமம் இருக்கிறது, நியாயப் பயன்பாடு, பொதுவுடைமை (காப்புரிமைக் காலம் முடிந்து யாரும் பயன்படுத்தலாம் என்பது). இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பணம் கட்டி வாங்கிய பாட்டுக்கு 'நியாயப் பயன்பாடு' என்று போடுவார்கள். கேட்டதும் நிராகரிப்பு வரும். எழுதும் விளக்கம் நாலைந்து வரிக்குள் இருக்கட்டும். பாட்டின் பெயர், எங்கே எந்தத் தேதியில் வாங்கியது, ரசீது அல்லது உரிம எண், வீடியோவில் எந்த நிமிடம், இந்தப் பயன்பாட்டை உரிமத்தின் எந்தப் பகுதி அனுமதிக்கிறது. அந்தப் பக்கம் படிப்பவர் நாள் முழுதும் இத்தகைய விளக்கங்களைப் படிப்பவராக இருக்கலாம். அவர் சரிபார்க்க வேண்டியது முதல் வரியிலேயே இருந்தால் விடுவிப்பது சுலபம்.

'நோ காப்பிரைட் மியூசிக்' என்று பெயர் வைத்த சேனல்களிலிருந்து எடுத்த பிஜிஎம்முக்கும் மாதங்கள் கழித்துக் கிளெய்ம் வரும். இசையமைத்தவர் பிற்பாடு ஏதாவது விநியோக நிறுவனத்திடம் கொடுத்து, அவர்கள் கன்டென்ட் ஐடியில் சேர்த்திருப்பார்கள். பதிவிறக்கிய நாளன்றே உரிமப் பக்கத்தைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதுவே போதும். சந்தா கட்டும் இசை நூலகம் என்றால் சேனல் முகவரியை அவர்கள் கணக்கில் பதிவுசெய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பதியாவிட்டால் உரிமம் இருந்தும் கிளெய்ம் வந்துகொண்டே இருக்கும். எல்லோருக்கும் விற்கப்படும் தாள லூப்பை இன்னொருவர் தன் பாட்டில் போட்டு அந்தப் பாட்டைப் பதிவுசெய்வதாலும் இதே வம்பு வரும்.

கல்யாண வீடியோ

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலில் அதிகம் மாட்டுகிறவர்கள் திருமண வீடியோ எடுப்பவர்கள். அவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு: 'கல்யாணத்துக்குப் பாட்டு போட காப்பிரைட் கிடையாது.' பாதி உண்மை. 1957-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மதச் சடங்குகளில் பாட்டு ஒலிக்கவிடுவதை மீறலாகக் கருதுவதில்லை. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். ஆனால் அந்த விலக்கு மண்டபத்தில் பாட்டு ஒலிப்பதற்கு. அந்தப் பாட்டைக் காட்சியோடு சேர்த்து எடிட் செய்து யூடியூபில் ஏற்றுவது வேறு செயல். விலக்கு அங்கே வராது.

திரைப்பாட்டு போட்ட மூன்று நிமிட ஹைலைட் யூடியூபில் பெரும்பாலும் கிளெய்மோடு பிழைத்துக்கொள்ளும். விளம்பரப் பணம் இசை நிறுவனத்துக்குப் போகும், வீடியோ இருக்கும். இன்ஸ்டாகிராமில்தான் தகராறு. பிசினஸ் கணக்கு வைத்திருப்பவருக்குச் செயலிக்குள் இருக்கும் திரைப்பாட்டு நூலகம் திறக்காது. இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா தரும் இசைத் தொகுப்பான சவுண்ட் கலெக்‌ஷன் மட்டும்தான். அதைச் சுற்றிக்கொண்டு, எடிட்டிலேயே பாட்டைப் பதித்து ஏற்றினால் மியூட் ஆகும் அல்லது நீக்கப்படும். உங்கள் தொழில் கணக்கில் சவுண்ட் கலெக்‌ஷன் இசையோடு போட்டுவிட்டு, திரைப்பாட்டு வேண்டுமென்றால் மணமக்கள் தங்கள் சொந்தக் கணக்கில் செயலிக்குள்ளிருந்தே பாட்டைச் சேர்த்துக்கொள்ளும்படி வீடியோவை ஒலியில்லாமல் கொடுத்துவிடலாம்.

ஃபேஸ்புக் நேரலை இன்னும் மோசம். மண்டபத்தின் ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டை பாட்டுப் பொருத்தம் தேடும் மெட்டாவின் ரைட்ஸ் மேனேஜர் பிடித்துவிட்டால், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் ஒலி போய்விடலாம். கேமரா மைக்கை நம்பாமல் மிக்ஸரிலிருந்து தனி வயர் இழுத்து, மேடை மைக்கை மட்டும் நேரலைக்குக் கொடுங்கள்; ஸ்பீக்கர் பாட்டு அந்த வழியில் வரக் கூடாது என்று ஒலிக்காரரிடம் முதல்நாளே சொல்லிவையுங்கள். நாதஸ்வரக்காரர் கல்யாணி வாசிக்கும்வரை தொல்லையில்லை. முகூர்த்தம் முடிந்த உற்சாகத்தில் சினிமாப் பாட்டு வாசித்தால் மெட்டுப் பொருத்தத்திலேயே மாட்டலாம். முழுப்பாட்டு ஓடுவதைவிடச் சிறு துண்டுகளும், பாட்டு பிரதானமாக இல்லாமல் காட்சி பிரதானமாக இருப்பதும் சிக்கலைக் குறைக்கும் என்பது மெட்டாவே சொல்லும் வழிகாட்டல்.

இதில் யாரும் எதிர்பாராத புகார் ஒன்று மணமக்களிடமிருந்தே வரும். பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த புகைப்படத்துக்கும் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான் என்கிறது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. கேமராவைப் பிடித்தவர் நான் என்பதால் படம் என்னுடையது என்ற வாதம் இங்கே நிற்காது. 'விளம்பரத்துக்காக எங்கள் பக்கங்களில் வெளியிடலாம்' என்ற ஒரு வரி முன்பணம் வாங்கும் ரசீதிலேயே இருக்க வேண்டும்.

அந்த வரியை எழுதும்போது சட்டத்தின் 19-ஆம் பிரிவையும் கணக்கில் வையுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். உரிமம் கொடுப்பதற்கும் இதே கணக்குதான். யூடியூப் உலகம் முழுக்கத் தெரியும் என்பதால் 'இந்தியா மட்டும்' என்பது பெரிய ஓட்டை. யாரிடம் அனுமதி வாங்கினாலும் எந்தப் படைப்பு, எந்தத் தளங்கள், எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், விளம்பர வருமானம் உண்டா, வெட்டி ஒட்டலாமா என்ற ஆறும் அதில் இருக்கட்டும். 'சரி அண்ணா, போட்டுக்கோங்க' என்று வாட்ஸ்அப்பில் வந்த பதில் ஒன்றுமில்லாததற்கு மேல்தான், ஆனால் இந்த ஆறில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை.

சொந்தக் குரலில் பாடியதற்குக் கிளெய்ம்

கர்நாடக இசை பாடுகிறவர்களுக்கும் பக்திப்பாடல் சேனல்களுக்கும் வரும் தலைவலி இது. தியாகராஜர் மறைந்தது 1847-ல். அவர் கீர்த்தனைக்கு இன்று யாரும் காப்புரிமை கோர முடியாது. இருந்தும் வீட்டுக் கூடத்தில் தம்புராவோடு பாடி ஏற்றினால் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் கிளெய்ம் வரும். அந்த நிறுவனத்திடம் அதே கீர்த்தனையின் ஒலிப்பதிவு இருக்கும். ராகமும் காலப்பிரமாணமும் ஒத்துப்போனதால் இயந்திரம் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடும். செயலியில் ஓடும் தம்புரா ஒலிகூடச் சில நேரம் பொருந்திவிடும். ஏனென்றால் அதே செயலியை வைத்து இன்னொருவர் ஆல்பம் போட்டிருப்பார்.

இங்கே இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடல், அதாவது சாகித்தியமும் மெட்டும், ஒரு உரிமை. அதை ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொரு உரிமை. படைப்பு உரிமை படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. டிஸ்ப்யூட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'இயற்றியவர் 1847-ல் மறைந்தார், பாடல் பொதுவுடைமை. இந்த வீடியோவில் கேட்பது என் குரல், இன்ன தேதியில் பதிவுசெய்தது. உங்கள் ஒலிப்பதிவின் எந்தப் பகுதியும் இதில் இல்லை.' இப்படித் தெளிவாக எழுதினால் பெரும்பாலும் விடுவிப்பார்கள், அல்லது 30 நாள் கழிந்து தானே விழும்.

சறுக்கும் இடம் மெட்டு. பாரதியார் பாடல்களின் உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு 1949-ல் வாங்கியது, பிற்பாடு அவை பொதுவுடைமை ஆயின; சொற்களை யாரும் பாடலாம். ஆனால் அந்தச் சொற்களுக்கு ஒரு திரை இசையமைப்பாளர் போட்ட மெட்டு அவருடையது, அல்லது அவரிடம் வாங்கியவருடையது. கிளெய்மில் 'மெட்டு' என்று வந்திருந்தால், பாரதியார் 1921-ல் மறைந்தார் என்று எழுதுவது பதிலாகாது. ஆழ்வார் பாசுரங்களுக்கும் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளுக்கும் 20-ஆம் நூற்றாண்டில் வித்வான்கள் போட்ட மெட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை. சொந்த மெட்டில் பாடினால் அதைச் சொல்லுங்கள். இன்னொருவர் மெட்டு என்றால், பார்ட்னர் திட்டத்தில் உள்ள சேனல்கள் சில பாடல்களுக்கு வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சண்டையைவிட அது லாபம்.

பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1964-ல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை இந்தியாவில் 2024 இறுதியோடு முடிந்தது. அமெரிக்காவில் கணக்கு வேறு. 1957-க்கும் 1972 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட பதிவுகளுக்கு 2067 வரை பாதுகாப்பு ஓடுகிறது. இந்தியாவில் ஓடும் வீடியோ அமெரிக்காவில் மட்டும் முடங்கியிருந்தால் அது தவறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவின் உரிமை முடிந்தாலும் இசையமைத்தவருடைய உரிமை முடிந்ததாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

விமர்சனம் செய்கிறவர்கள்

பத்து விநாடி வரை போடலாம், ஐந்து விநாடி வரை போடலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 'காப்பிரைட் மீறும் நோக்கம் இல்லை' என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதுவதும், உரிமையாளருக்கு நன்றி போடுவதும் எதையும் காப்பாற்றாது. பாட்டின் சுருதியை ஏற்றுவது, படத்தைக் கண்ணாடிபோலத் திருப்புவது போன்ற வித்தைகள் இன்னும் மோசம். பிடிபட்டால் 'தெரிந்தே ஒளித்தார்' என்பதற்கு நாமே கொடுத்த சாட்சி.

இந்தியச் சட்டம் விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி, தனிப்பட்ட ஆய்வு ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. அமெரிக்கச் சட்டம் நான்கு கேள்வி கேட்கிறது: எதற்காக எடுத்தாய், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதனால் அவர் சந்தை கெட்டதா. இலங்கையின் 2003-ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் இந்த நான்கு கேள்வி வழியைத்தான் பின்பற்றுகிறது. அமெரிக்காவில், குழந்தை ஆடும் 29 விநாடி வீட்டு வீடியோவை நீக்கச் சொன்ன வழக்கில், கோரிக்கை அனுப்பும் முன் நியாயப் பயன்பாட்டை உரிமையாளர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எதிர் அறிவிப்பு எழுதும்போது இது உதவும்.

கன்டென்ட் ஐடிக்கு விமர்சனம் எது, திருட்டு எது என்று தெரியாது. ஆகவே வீடியோவைக் கட்டும்போதே வாதத்தையும் கட்டிவிட வேண்டும். படக்காட்சி ஓடும்போது அதன் மூல ஒலியை அணைத்து உங்கள் குரலை வையுங்கள். பின்னணி இசையால் வரும் கிளெய்ம் அதிலேயே ஒழியும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்போ பின்போ அந்தத் துண்டைப் பற்றியே பேசியிருக்க வேண்டும். கேமரா நகர்வைப் பற்றிப் பேசும்போது அந்த நகர்வு முடிந்ததும் வெட்டுங்கள். அடுத்து வரும் சண்டைக்காட்சி அழகாக இருக்கிறது என்று ஓடவிடாதீர்கள். டிஸ்ப்யூட்டில் '03:10 முதல் 03:18 வரை உள்ள காட்சி, அதன் ஒளியமைப்பைப் பற்றிய விமர்சனத்துக்காக. மூல ஒலி இல்லை' என்று துண்டுக்குத் துண்டு எழுத முடிந்தால் உங்கள் பக்கம் பலமானது. எழுத முடியாத துண்டு வீடியோவில் இருக்க வேண்டியதே இல்லை.

செய்திக் காட்சிகள் இதில் தனி ரகம். சில விநாடிச் செய்திக் காட்சிக்காக ஒரு செய்தி நிறுவனம் ஸ்ட்ரைக் அனுப்பிவிட்டு, அதை விலக்க லட்சக்கணக்கில் உரிமத் தொகை கேட்டது என்று 2025 மே மாதத்தில் இந்திய யூடியூபர்கள் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார்கள். விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. முடிந்தவரை அரசுத் தரப்புக் காட்சிகளையோ படைத்தவரே நிபந்தனையோடு பொதுப் பயன்பாட்டுக்குத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளதையோ அதன் நிபந்தனைப்படி தேடிப் போடுங்கள். இல்லையென்றால் நிழற்படம், வரைபடம், உங்கள் முகம் போதும்.

ஸ்ட்ரைக்குக்கு மூன்று வழிகள்

பாடத்தை முடித்து 90 நாள் காத்திருப்பது ஒன்று. புகார் கொடுத்தவரிடமே பேசி விலக்கிக்கொள்ளச் சொல்வது இரண்டு. எதிர் அறிவிப்பு கொடுப்பது மூன்று.

இரண்டாவது வழியைப் பலரும் முயல்வதே இல்லை. ஸ்டுடியோவில் புகார்தாரரின் தொடர்பு முகவரி இருக்கும். வீடியோ இணைப்பு, எந்த இடம், அது எப்படி வந்தது, இனி என்ன செய்வீர்கள் என்று மரியாதையாக ஒரு பத்தி. 'ரிட்ராக்‌ஷன்' என்ற சொல்லை அப்படியே பயன்படுத்துங்கள். 'ஸ்ட்ரைக்கை எடுங்கள்' என்றால் சிலருக்கு அவர் என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. அதே வாரத்தில் அவரைத் திட்டி கம்யூனிட்டி போஸ்ட் போட்டுவிட்டு இந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள்.

எதிர் அறிவிப்பு சட்ட ஆவணம். முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். அவை புகார்தாரர் கைக்குப் போகும். தவறுதலாக நீக்கப்பட்டது என்று நம்புவதாகப் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழி தர வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்க வேண்டும். முகவரி வெளியே போகக் கூடாது என்றால் வழக்கறிஞர் மூலம் அனுப்பலாம். எடிட்டர் பெயரிலோ சேனல் பெயரிலோ கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யூடியூப் அதைப் பார்த்துப் புகார்தாரருக்கு அனுப்பிய பிறகு அவருக்கு 10 வேலைநாள். அதற்குள் நீதிமன்றத்துக்குப் போனதற்கான ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும், ஸ்ட்ரைக் போகும். வேலைநாள் என்பது அமெரிக்க வேலைநாள். சனி, ஞாயிறும் அவர்களுடைய விடுமுறைகளும் கழியும். டிசம்பர் கடைசியில் கொடுத்தால் பொங்கலை நெருங்கிவிடும். காத்திருக்கும்போது அதே வீடியோவை வேறு பெயரில் மறுபடி ஏற்றுவது, இரண்டாவது ஸ்ட்ரைக்கைக் கேட்டு வாங்கும் வேலை.

உரிமையே இல்லாதவர் மிரட்டினால் இந்தியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு உதவும்: ஆதாரமில்லாத காப்புரிமை மிரட்டலுக்கு எதிராக நாமே நீதிமன்றம் போய்த் தடையும் இழப்பீடும் கேட்கலாம். உண்மையாகவே திருடியிருந்தால் மறுபக்கத்தையும் பாருங்கள். 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை; 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்; காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

போலிப் புகார்கள்

'உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே மேல்முறையீடு செய்யுங்கள்' என்று மெட்டா லோகோவோடு மெசஞ்சரில் வருவது காப்பிரைட் புகார் அல்ல, கடவுச்சொல் திருட்டு. இணைப்பைத் தொடாமல் செயலிக்குள் கணக்கு நிலையைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் புகாரே இல்லை. இன்ஸ்டாகிராம் உங்களுக்கு உண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் கணக்கு மையத்தில் கடவுச்சொல், பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது. யூடியூப் ஸ்ட்ரைக்கைக் காட்டி, விலக்கிக்கொள்ளத் தனிநபர் யுபிஐ எண்ணுக்குப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். உரையாடலைச் சேமித்துக்கொண்டு யூடியூபுக்குத் தெரிவியுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

நம் பொருளை எடுத்தால்

சமையல் வீடியோவை அப்படியே எடுத்து வேறு பேஜில் போடுகிறவர்கள்மேல் புகார் கொடுக்குமுன், அது உங்களுடையதுதான் என்று காட்டும் மூலக்கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். படிவத்தில் உங்கள் வீடியோவின் இணைப்பு, அவர்கள் இணைப்பு, எந்த விநாடிகள் என்று தனித்தனியாகக் கொடுங்கள். சேனல் முகவரியை மட்டும் கொடுத்தால் நகராது. செய்முறைக்குக் காப்புரிமை இல்லை. உங்கள் காட்சிக்கும் சொற்களுக்கும்தான் உண்டு; அவர் அதே சாம்பாரைத் தானே வைத்து எடுத்திருந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

புகாரில் நீங்கள் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகும் என்பதால் அலுவல் முகவரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் 7 நாள் தவணைக் கோரிக்கை கொடுத்தால் பலர் வம்பில்லாமல் தாங்களே எடுத்துவிடுவார்கள். எதிர் அறிவிப்பு வந்தால் அந்த 10 வேலைநாள் கெடு இப்போது உங்கள் தலைமேல். நீதிமன்றம் போகும் எண்ணமில்லை என்றால் வீடியோ திரும்பிவிடும்.

இந்தியச் சட்டத்தின் கீழும் வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகளில் 75-ஆம் விதிப்படி எழுத்தில் புகார் கொடுத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறக்கலாம். தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் போகும் புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அவர்கள் சொல்ல வேண்டும். அவர் தரும் முடிவில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே மனுப் போடலாம். அந்த மனுவில் முதலில் கொடுத்த புகாரின் எண்ணைக் கேட்பார்கள். தளம் அனுப்பிய தானியங்கிப் பதில் மின்னஞ்சலைக் குப்பை என்று அழித்துவிடாமல் வைத்திருங்கள்.